அண்ணன் சொல்லும் ‘நாம’

என் அண்ணனை எங்கள் வீட்டில் ‘பஸ் ஸ்டாண்டு’ என்றுதான் கூப்பிடுவோம். பள்ளிக்கூடம் விட்டால் நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நிற்பான். எந்த பஸ்ஸிலும் ஏறமாட்டான். எது எங்கே போகிறது என்று வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பான். அப்பா போய்க் காதைத் திருகி இழுத்துக்கொண்டு வருவார். “கால்ல சக்கரத்தைக் கட்டிக்கிட்டுப் பொறந்திருக்கு” என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். அவன் தங்கையான நான் அவனுக்கு நேர் எதிர். அரசு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்று எந்த நாற்காலியில் உட்கார்ந்தேனோ அதிலேயேதான் இன்றும் உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடியபோதுகூட வேறு வாங்கிக்கொள்ளாமல் ஆணி அடித்து வைத்துக்கொண்டேன். அதனால் அண்ணனைப் பற்றி நான் சொல்வதில் கொஞ்சம் கடுகடுப்பு இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவனுக்கு வாய்த்த வேலையும் அந்தச் சக்கரத்துக்கு எண்ணெய் விடுகிற வேலைதான். வெளிநாட்டுத் தொடர்களில் நடிகர்கள் ஏதோ பேச, திரைக்கு அடியில் தமிழ் வரிகள் ஓடுமே, அவற்றை எழுதுகிறவன் அவன். ஒரு லேப்டாப் இருந்தால் எந்த ஊரிலும் உட்கார்ந்து செய்யலாம். உட்கார்ந்து என்று சொன்னது தப்பு. அவன் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் இடுப்புக்கு மேல் உயரமாக என்ன இருக்கிறது என்று பார்ப்பான். ஃப்ரிட்ஜ் தலையிலோ ஜன்னல் திட்டிலோ லேப்டாப்பை வைத்து, நின்றபடி, ஒரு காலை மாற்றி மறு காலை ஊன்றியபடி எழுதுவான்.

கல்யாணமான புதிதில் கொஞ்ச காலம் வாடகை வீடு, குக்கர், காலண்டர் என்று எல்லாரையும் போல இருந்தான். ஒரு நாள் அண்ணியிடம், “நாம கிளம்பறோம்” என்றான். அண்ணி அப்போது ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். வேலையை விட்டாள். குக்கரை என்னிடம் கொடுத்தாள். ஆளுக்கு ஒரு பெட்டியுடன் கிளம்பினார்கள். இந்த ஊரில் கொஞ்ச நாள், அந்த ஊரில் கொஞ்ச நாள் என்று வருஷங்கள் ஓடின. எந்த ஊரிலும் ரொட்டிக் கடைக்காரர் இவன் முகத்தைப் பார்த்ததும் கேட்காமலே வழக்கமான ரொட்டியை எடுத்துக் கட்ட ஆரம்பித்தால் அண்ணனுக்கு இருப்புக் கொள்ளாது. “நம்மளைத் தெரிஞ்சுபோச்சு. இனிமே இங்க பார்க்க ஒண்ணும் இல்ல” என்பான். அடுத்த வாரம் பெட்டி கிளம்பிவிடும்.

ஆனால் கடைசியாகப் போன ஊரில் ரொட்டிக் கடைக்காரர் இவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்து, தன் மகளின் கல்யாணப் படத்தையே காட்டியாகிவிட்டது. அப்போதும் பெட்டி கிளம்பவில்லை. காரணம், அண்ணி. எனக்கு ஒரு நாள் போன் செய்தாள். “லீவு கிடைக்குமா? வந்து கொஞ்ச நாள் எங்களோட இருந்துட்டுப் போயேன்.” அண்ணி அப்படியெல்லாம் கூப்பிடுகிறவள் இல்லை. அலுவலகத்தில் நான் லீவு கேட்டதும் மேலதிகாரி, வீட்டில் யாராவது தவறிவிட்டார்களா என்று விசாரித்தார். அவ்வளவு அபூர்வம்.

விமான நிலையத்துக்கு அண்ணன் வந்திருந்தான். ரயிலில் உட்கார இடம் இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் ஊர் எப்படி என்று கேட்டேன். அவன் இந்த ஊரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்து போகப்போகிற ஊரில் மலை மேல் டிராம் போகிறது, நாம மாசக் கடைசியில் அங்கே இருப்போம், நாம ஜன்னலைத் திறந்தால் துறைமுகம் தெரியும் என்று அளந்துகொண்டே வந்தான்.

“அண்ணி என்ன சொல்றாங்க?” என்றேன்.

“அவ என்ன சொல்லுவா?” என்றான். உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டான்.

வீடு மூன்றாவது மாடியில். ஒரே அறை, ஓர் ஓரமாக அடுப்பு, தடுப்புக்குப் பின்னால் குளியலறை. தரைத்தளத்தில் காசு போட்டுத் துணி துவைத்துக்கொள்ளும் கடை. அந்தக் கடைக்காரர்தான் கட்டடத்துக்கே சொந்தக்காரர். கீழே இயந்திரங்கள் துணியைப் பிழிய ஆரம்பித்தால் மேலே பாத்திரத் தட்டில் டம்ளர்கள் கிணுகிணுக்கும். ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடத்தின் முதுகு, குழாய்கள், யாரோ காயப்போட்டு மறந்த ஒற்றை சாக்ஸ். இதிலெல்லாம் ஒன்றும் இல்லை. அறைக்குள் நுழைந்ததும் கண்ணில் அறைந்தது ஓர் அலமாரி. இரண்டு கதவு வைத்த, சுவரை அடைத்துக்கொண்டு நிற்கிற, நல்ல கனமான மர அலமாரி. ஆளுக்கு ஒரு பெட்டியுடன் திரிகிறவர்கள் வீட்டில் அலமாரியா?

“பழைய சாமான் கடையில பார்த்தேன். பிடிச்சிருந்துச்சு” என்றாள் அண்ணி.

“நாலு பேர் தூக்கிட்டு வந்தாங்க. படிக்கட்டு வளைவுல மாட்டிக்கிச்சு. அரை நாள் யாரும் ஏறவும் முடியல இறங்கவும் முடியல” என்றான் அண்ணன். அலமாரி அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தால் தேவலை என்பது போல இருந்தது அவன் குரல். அண்ணியின் பக்கத்தில் துணிகள் அடுக்காக இருந்தன. அவன் பக்கம் காலி. அவன் சட்டைகள் அலமாரிக்குப் பக்கத்திலேயே, திறந்த பெட்டிக்குள் கிடந்தன. துவைத்து மடித்ததும் மறுபடி பெட்டிக்குள்ளேயே போட்டுக்கொள்வானாம். நான் சும்மா இருப்பேனா? என் புடவைகளை எடுத்து அவன் பக்கத்தில் தொங்கவிட்டேன்.

மறுநாள் அண்ணி என்னைத் தன் பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பின் தெருவில் ஒரு பழைய கார் ஷெட்டில் நடக்கும் சைக்கிள் பட்டறை. வந்த புதிதில் அண்ணியின் சைக்கிள் செயின் அறுந்துபோக, தள்ளிக்கொண்டு அங்கே போயிருக்கிறாள். பட்டறையை நடத்துகிற பெண்மணி சைக்கிளை வாங்காமல் கையிலிருந்த ஸ்பேனரை நீட்டி, நீயே செய் என்று சைகை காட்டியிருக்கிறாள். அண்ணி செய்தாள். அடுத்த நாள் சைக்கிளில் ஒரு கோளாறும் இல்லாமலே அங்கே போய் நின்றாள். அதற்கடுத்த நாளும் போனாள். இப்போது அங்கே அவளுக்குச் சம்பளம், தனி ஏப்ரன், சுவரில் தனி ஆணி. அந்தப் பெண்மணிக்கு அண்ணன் ‘ஸ்பேனர்’ என்றே பெயர் வைத்துவிட்டான். நல்ல உயரம், குட்டை முடி, சிரித்தால் ஷெட் அதிரும். நகரத்துக்கு வெளியே எங்கிருந்தோ தினமும் ரயில் பிடித்து வருகிறாள். ரயில் தாமதமானால் வந்ததும் வராததுமாக யாராவது ஒரு சைக்கிளைத் திட்டுவாள்.

அண்ணி ஒரு சக்கரத்தைச் சட்டத்தில் மாட்டிச் சுழற்றினாள். ரிம் ஒரு இடத்தில் இப்படி, ஒரு இடத்தில் அப்படி என்று நெளிந்து ஓடியது. ஒரு போக்ஸ் கம்பியை விரலால் சுண்டிப் பார்த்தாள், அதன் அடியில் சின்னச் சாவியை மாட்டிக் கால் திருகு திருகினாள், மறுபடி சுழற்றினாள். வாடிக்கையாளர் ஒருவர் ஏதோ வாதாட வந்தார். அண்ணி நிமிர்ந்து அந்த ஊர் பாஷையில் நாலு வார்த்தை சொன்னாள். இலக்கணம் இருந்ததா தெரியாது, காரம் இருந்தது. அவர் பேசாமல் போய் பெஞ்சில் உட்கார்ந்தார். எனக்கு ஆச்சரியம். எந்த ஊரிலும் அண்ணன் முன்னால் போக, இரண்டடி பின்னால், “ஏங்க, எந்தப் பக்கம்?” என்று கேட்டுக்கொண்டே வருகிற அண்ணியைத்தான் எனக்குத் தெரியும். முகத்தில் கிரீஸ் கோடு போட்ட இந்த அண்ணியைப் பார்க்க ரொம்பப் பிடித்திருந்தது. இவள் இங்கிருந்து அசையமாட்டாள் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் அண்ணன் ஃப்ரிட்ஜ் மேல் லேப்டாப்பை வைத்து வேலை செய்துகொண்டிருந்தான். என்னைக் கூப்பிட்டு ஒரு வரியைக் காட்டினான். ஆங்கிலத்தில் ‘வீ’ என்று வந்தால் அவனுக்கு ஒவ்வொரு முறையும் தலைவலியாம். கேட்கிறவனையும் சேர்த்துச் சொன்னால் ‘நாம’, அவனை விட்டுவிட்டுச் சொன்னால் ‘நாங்க’. எழுதுவதற்கு முன் யார் யாரைப் பார்த்துப் பேசுகிறார்கள், யார் அந்தக் கூட்டில் இருக்கிறார்கள், யார் இல்லை என்று காட்சியைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும்.

“ஒரு தொடர்ல புருஷன் சாகக் கெடக்கறான். பொண்டாட்டி கையைப் பிடிச்சுக்கிட்டு, ரொம்ப சந்தோஷமா வாழ்ந்தோம்ங்கறான். என்கூட வேலை செய்யற ஒருத்தன் அவசரத்துல ‘நாங்க சந்தோஷமா வாழ்ந்தோம்’னு போட்டுட்டான். பொண்டாட்டி ஓன்னு அழறா. பார்த்தவங்க எல்லாம், பாவம், இவனுக்கு இன்னொரு குடும்பம் இருந்திருக்கு, அதுக்குத்தான் இவ அழறான்னு நெனச்சுட்டாங்க.”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். தன் வேலையில் அவன் கெட்டிக்காரன், அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

சிரித்துக்கொண்டிருக்கும்போதே கதவு தட்டப்பட்டது. கீழே சலவைக் கடை வைத்திருக்கும் கட்டடச் சொந்தக்காரர். தோளில் ஈரத் துண்டு. வாசலிலேயே நின்று அண்ணியிடம் அந்த ஊர் பாஷையில் கேட்டதை அண்ணன் எனக்குக் கிசுகிசுத்தான். அவருடைய தங்கை மகள் ஊரிலிருந்து வருகிறாள், அவளுக்கு அறை வேண்டும். இவர்கள் தொடர்ந்து இருக்கிறார்களா, காலி செய்கிறார்களா? அண்ணி ஒரு நொடிகூட யோசிக்காமல் பதில் சொன்னாள். அவர் ஏமாற்றத்தோடு தலையசைத்துவிட்டு இறங்கிப் போனார்.

அண்ணன் முகம் சுண்டிப்போனது. அண்ணி குளிக்கப் போனதும் என்னிடம் வந்து குரலைத் தாழ்த்தினான்.

“இருக்கோம்னு சொல்லிட்டா.”

“அதான் பார்த்தேனே.”

“இருக்கோம்னா யாரு?”

“என்ன கேள்வி இது? நீங்க ரெண்டு பேரும்தான்.”

“இந்த ஊர் பாஷையிலயும் அதுக்கு ஒரே வார்த்தைதான். நாமவா, நாங்களான்னு தெரியாது.” அவன் ஜன்னலுக்கும் அடுப்புக்கும் நடுவே நடக்க ஆரம்பித்தான். “நாமன்னா என்னையும் சேர்த்துச் சொல்லியிருக்கா. நாங்கன்னா... போன வாரம்தான் ஸ்பேனர், ரயில் அலைச்சல் தாங்கல, பக்கத்துல ரூம் இருந்தா சொல்லுன்னு அவகிட்ட கேட்டா. நானே பக்கத்துல நின்னேன்.”

“அவங்களையே கேட்டுடேன்.”

“கேட்டா பதில் வந்துடுமே!”

அதிலிருந்து அவன் செய்த கூத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். நேரே கேட்கப் பயம். அதனால் அண்ணியின் வாயைப் பிடுங்கி, அதிலிருந்து ஒரு நாமவோ நாங்களோ விழுகிறதா என்று பார்த்தான். தமிழில் ஒரு வசதி, அல்லது வம்பு, ஆளைச் சொல்லாமலே நாள் முழுக்கப் பேசிவிடலாம்.

“சனிக்கிழமை சந்தைக்கு யார் யார் போறோம்?” என்பான்.

“போகணும். வெங்காயம் தீர்ந்துடுச்சு” என்பாள் அண்ணி.

“குளிர் காலத்துல இந்த ரூம் எப்படி இருக்குமோ?”

“கம்பளி வாங்கணும்.”

யாருக்குக் கம்பளி, எத்தனை கம்பளி, ஒன்றும் பிடி கொடுக்கவில்லை. வேண்டுமென்றேதான் செய்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. அண்ணன் குட்டி போட்ட பூனை மாதிரி அறைக்குள் சுற்றிச் சுற்றி வந்தான். பெட்டியை மூடுவான், திறப்பான். படிக்கட்டில் இறங்கிப் போய்த் தெருமுனை வரை நடந்து, மறந்ததை எடுக்க வந்தவன் போலத் திரும்பி வருவான். வேலையும் ஓடவில்லை. கொலைகாரனும் போலீசும் பேசிக்கொள்கிற ஒரு சாதாரணக் காட்சியில் அரை நாள் நின்றுவிட்டான். அவனைப் பார்க்கப் பார்க்க எனக்கும் கால் நிலைகொள்ளவில்லை. ஒரே நாற்காலியில் காலம் தள்ளியவள், நானே எழுந்து எழுந்து உட்கார்ந்தேன்.

கடைசியில் எனக்குப் பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, அண்ணி தோசைக்கல் மாதிரி ஒன்றில் எதையோ சுட்டுப்போட, மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அண்ணன் வழக்கம் போல நின்றுகொண்டு சாப்பிட்டான். நான் போட்டு உடைத்தேன்.

“அண்ணி, அன்னைக்கு அந்தக் கடைக்காரர்கிட்ட இருக்கோம்னு சொன்னீங்களே, அது நாமவா, நாங்களா? இந்த மனுஷன் தூங்கி எத்தனை நாளாச்சு தெரியுமா?”

அண்ணி அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, அண்ணனைப் பார்த்தாள்.

“டிவியில வர்றவன் நாமன்னு சொல்றானா நாங்கன்னு சொல்றானான்னு அத்தனை தடவை திருப்பிப் பார்க்கறீங்க. உங்க வாயில வர்றதை ஒரு தடவை திருப்பிப் பார்த்திருக்கீங்களா? நாம கிளம்பறோம்னீங்க. நாம வேலையை விட்டுடலாம்னீங்க. அப்ப வேலை போனது எனக்கு மட்டும்தான். நமக்கு இந்த ஊர் அலுத்துப்போச்சுன்னீங்க. எனக்கு அலுக்கலை. எந்த ஊருமே எனக்கு அலுக்கலைங்க. ஒவ்வொரு ஊர்லயும் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கலாம்னுதான் அழுதுக்கிட்டே பெட்டி கட்டினேன். நீங்க சொன்ன ‘நாம’ அத்தனையும் ‘நான்’தான். என் நான் இல்ல, உங்க ‘நான்’.”

அண்ணன் தட்டை ஃப்ரிட்ஜ் மேல் வைத்தான். வாயைத் திறந்தான். “நாம...” என்று ஆரம்பித்து, சட்டென்று நிறுத்தினான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“நான்னு ஆரம்பிச்சு ஒரு பேச்சுப் பேசுங்க” என்றாள் அண்ணி. குரல் உடைந்திருந்தது. “அப்புறம் நான் சொல்றேன், அது நாமவா நாங்களான்னு.”

கீழே இயந்திரம் பிழிய ஆரம்பித்து டம்ளர்கள் கிணுகிணுத்தன. அது நின்றது. பிறகு, “நான்...” என்றான். “நான் இங்க இருந்தா எனக்கு மூச்சு முட்டுது. ஏன்னு தெரியல. உன்மேல ஒரு குறையும் இல்ல. பட்டறையும் நல்லாத்தான் இருக்கு. நான் போகணும்.”

“போங்க” என்றாள் அண்ணி.

“நீ?”

“நான் இருக்கேன்.”

அவ்வளவுதான். இத்தனை வருஷத்தில் அவர்கள் இரண்டு பேரும் பேசிய மிக நேர்மையான பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன். அதைக் கேட்க எனக்குத்தான் தெம்பில்லை. குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நான் கேட்காமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் வெங்காயம், கம்பளி என்றே ஓட்டியிருப்பார்கள். ஆனாலும் கேட்டதற்காக வருத்தப்படமாட்டேன்.

அந்த வாரமே அண்ணன் கிளம்பினான். ரயில் நிலையத்துக்கு நானும் அண்ணியும் போனோம். வழக்கமாக வண்டி வருவதற்கு முன்பே உற்சாகமாகிவிடுகிறவன், அன்று பெட்டியின் கைப்பிடியை நீட்டுவதும் மடக்குவதுமாக இருந்தான். அண்ணி சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்தாள், போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணச் சொன்னாள், சால்வையைக் கழுத்தில் சுற்றிவிட்டாள். சண்டை போட்டுப் பிரிகிறவர்கள் மாதிரியும் இல்லை, சமாதானமானவர்கள் மாதிரியும் இல்லை. வண்டி நகர்ந்ததும் அண்ணி, “பட்டறைக்கு நேரமாச்சு” என்று நடந்தாள். தெரு முழுக்க மூக்கை உறிஞ்சிக்கொண்டே போனாள். அன்று ஒரு சக்கரத்தைக்கூட நேராக்க முடியவில்லை அவளால்.

நான் ஊர் திரும்புவதற்குள் ஸ்பேனர் இரண்டு பையோடும் ஒரு பெரிய மேஜை விளக்கோடும் வந்து சேர்ந்தாள். ஜன்னல் ஓரம் அவளுக்கு ஒரு கட்டில் போட்டார்கள். என் புடவைகளை எடுத்ததும் அலமாரியின் அந்தப் பாதியில் அவள் துணி ஏறியது. எனக்குப் பகீரென்றது. ஆனால் என்ன சொல்ல முடியும்? வாடகையில் பாதி அவள் கொடுக்கிறாள். அண்ணியும் அவளும் அரைகுறை பாஷையில் சிரித்துப் பேசிக்கொண்டு காலையில் வேலைக்குக் கிளம்பும்போது பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

ஊருக்கு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து வெகு நாள் கழித்து, ஒரு மத்தியானம் அண்ணனிடமிருந்து போன். மலை மேல் டிராம், துறைமுகம் என்று ஆரம்பிப்பான் என்று எதிர்பார்த்தேன்.

“நல்ல ஊர்தான்” என்றான். “காலையில துறைமுகத்துல ஒரு கப்பல்லேர்ந்து குதிரை இறக்கினாங்க. ஒண்ணு இறங்க மாட்டேன்னு படுத்துக்கிச்சு. இங்க பாருன்னு திரும்பினேன். யாரும் இல்ல. இத்தனை ஊர் பார்த்தேனே, எல்லாம் அவகிட்ட காட்டறதுக்குத்தான் பார்த்திருக்கேன். தனியா பார்க்கத் தெரியல எனக்கு.”

அவன் இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. “இதை என்கிட்ட ஏன் சொல்றே? அண்ணிகிட்ட சொல்லு.”

“சொன்னேன். நேத்து போன் பண்ணினேன். நான் திரும்பி வரணும்னு இருக்கு, வரட்டுமான்னு கேட்டேன்.”

“வந்து, எத்தனை நாள் இருப்பியாம்?”

“அதையும் கேட்டா. தெரியலன்னு சொன்னேன். பொய் சொல்ல வரல.”

“அப்புறம்? என்ன சொன்னாங்க?”

அண்ணன் பெருமூச்சு விட்டான்.

“‘வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்’னா.”

எனக்கு அடக்க முடியவில்லை, அலுவலகம் என்பதையும் மறந்து வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். வாசலில் வந்து நிற்கிற விற்பனைக்காரர்களை அண்ணி அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லித்தான் விரட்டுவாள். பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பிப் பார்த்தார். மறுமுனையில் அண்ணன் சிரிக்கவில்லை.

“ஓனரைத்தான் சொல்லியிருப்பா” என்றான். “கீழ சலவைக் கடைக்காரரை. ரூம்ல ஏற்கெனவே ஸ்பேனர் இருக்கா. இன்னொரு ஆள் வரணும்னா அவர்கிட்ட கேக்கணும் இல்லையா?”

“எந்த வீட்டுக்காரர்னு நீ கேக்கலையா?”

“கேக்கல” என்றான். “நான்தானேன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. பயமா இருந்துச்சு, சொல்லல.”